டர்பனில் தண்ணீர்த் தொட்டிக்கும் மீட்டருக்கும் சென்சார் வைப்பது: படிப்படியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் என்ற பகுதியில் நாங்கள் போகும் கோயிலில் ஒரு தைப்பூசக் காவடி அன்று காலை பத்து மணிக்கே டேங்க் வறண்டுவிட்டது. முந்தின ராத்திரி கேர்டேக்கர் அண்ணா வழக்கம்போல விரல் முட்டியால் டேங்கை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறும் இடத்தில் கையை வைத்து, "முக்கால் இருக்கு" என்றார். முக்கால் இருந்ததும் உண்மைதான். ஹாலின் பின்பக்கக் கழிவறையில் ராத்திரி முழுக்க ஒரு ஃப்ளஷ் வால்வ் ஒழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. காலையில் பால்குடம் கழுவத் தண்ணீர் இல்லை, சமையல்கட்டில் பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு அக்காக்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஊரில் ஸ்மார்ட் சிட்டி வேலையில் இருந்தவன் என்று கமிட்டியில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன், அதுதான் காரணம்.

சரி, இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை பதினாலு வாரம் இழுத்தது. கருவி வாங்குவதும் மாட்டுவதும் அதில் நாலு நாள்கூட இல்லை. மிச்சமெல்லாம் தவறான பெட்டி, சுங்கம், கையெழுத்து, குரங்கு. நீங்களும் ஊரிலிருந்து வேலைக்கு வந்து, கோயிலுக்கோ ஹாலுக்கோ குடியிருக்கும் காம்ப்ளெக்ஸுக்கோ இப்படி ஒன்று செய்யப்போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

சிரிக்காதீர்கள், ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டே விஷயம். டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, யாருமே இல்லாத நேரத்தில் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் காற்று மாசு, தெருவிளக்கு, பார்க்கிங், மடப்பள்ளி வெப்பநிலை என்று ஆளாளுக்கு ஒன்று சேர்த்தார்கள். நகரங்கள் செய்வதும் இதே வேலைதான், ஒரு சென்சார், ஒரு ரேடியோ, ஒரு சர்வர், தகவல் வந்ததும் எழுந்து போகும் ஓர் ஆள். நாலாவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் வீண். அதனால் ஒவ்வோர் ஆசைக்கும் பக்கத்தில் 'இது அடித்தால் யார் போவார்?' என்று கேட்டு ஒரு பெயர் எழுதச் சொன்னேன். பெயர் இல்லாததையெல்லாம் அடித்துவிட்டோம், இரண்டுதான் மிஞ்சியது.

2. அலைவரிசையைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

நான் விழுந்த பெரிய குழி இது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு லோராவான் கேட்வேயும் (சென்சார்கள் அனுப்புவதை வாங்கி இணையத்துக்குத் தள்ளும் பெட்டி) மூன்று சென்சாரும் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன். லோராவான் என்றால் குறைந்த மின்சாரத்தில் சின்னச் சின்னத் தகவலை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை, பேட்டரியிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும், தண்ணீர் வேலைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் இந்தியாவில் அது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பெட்டியில் ஐஎன்865 என்று போட்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பாவைப் போல ஈயூ868, அதாவது 868.1, 868.3, 868.5 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள். அமெரிக்கக் கடைகளில் வாங்கினால் யூஎஸ்915 வரும், அதுவும் ஆகாது. 'செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொல்வார். மென்பொருளில் மாறலாம், உள்ளே இருக்கும் ஃபில்டரும் ஆன்டெனாவும் வேறு பட்டைக்கு வெட்டியவை. அதைவிட முக்கியம், இங்கே விதி வேறு. 868 பட்டையில் தனி லைசன்ஸ் இல்லாமல் அனுப்பலாம், ஆனால் 25 மில்லிவாட்டுக்குள், ஒரு மணி நேரத்தில் 1 சதவீதம் மட்டும், அதாவது 36 வினாடி. என் 11,000 ரூபாய் இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமானால் சொல்லுங்கள்.

இன்னொரு குழி, சிம் போட்டு நேராக மொபைல் நெட்வொர்க்கில் பேசும் மலிவான 2ஜி கருவிகள். விலை கையைக் கடிக்காது, ஆனால் இங்கே அரசு 2ஜி, 3ஜி இரண்டையும் 2027 இறுதிக்குள் நிறுத்துவதை இலக்காக வைத்திருக்கிறது. சிம் கருவிதான் வேண்டும் என்றால் 4ஜி குடும்பத்தில் வருவதாக இருக்கட்டும். ப்ரீபெய்டு மின்மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: 2024 நவம்பர் 24க்கு முன் இரண்டு இருபது இலக்க எண்ணைத் தட்டாத மீட்டர் அதற்கப்புறம் புது டோக்கனை, அதாவது காசு கட்டி வாங்கும் மின்சார எண்ணை, ஏற்காது என்று ஊரே ஓடியது. தேதி குறித்த கருவியை வாங்கினால் அந்தத் தேதிக்கு நீங்கள்தான் ஓட வேண்டும்.

3. காகிதங்கள், இதில்தான் வாரங்கள் போகும்

இகாசா டைப் அப்ரூவல். இகாசா என்பது இங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம், டைப் அப்ரூவல் என்பது ஒரு மாடலுக்கு அது தரும் அனுமதி. ரேடியோ உள்ள எந்தப் பெட்டியும் இந்த நாட்டில் விற்கவோ பயன்படுத்தவோ இகாசாவின் அனுமதி பெற்ற மாடலாக இருக்க வேண்டும், 2005ஆம் ஆண்டின் எலக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் சட்டம், பிரிவு 35. அலைவரிசைக்கு லைசன்ஸ் வேண்டாம் என்பதும் கருவிக்கு அனுமதி வேண்டும் என்பதும் வேறு வேறு, நான் குழப்பிக்கொண்டேன். உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கினால் அந்த அனுமதி அவர்களிடமே இருக்கும். அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைத்தால் சுங்கத்தில் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள். பெட்டியோடு சுவர் அடாப்டர் இருந்தால் அதற்கு என்ஆர்சிஎஸ்ஸின், அதாவது கட்டாயத் தரங்களைப் பார்க்கும் அரசு அமைப்பின், லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்ற அனுமதிக் கடிதம் வேறு. என் இரண்டாவது ஆர்டர் ஐந்து வாரம் கிடங்கில் கிடந்து வந்த வழியே திரும்பிப் போனது, அனுப்பும் செலவு என் தலையில்.

வாட் 15 சதவீதம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இறக்குமதியில் பொருளின் மதிப்போடு முதலில் 10 சதவீதம் கூட்டி, அப்புறம் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல்தான் 15. தீர்வையே இல்லாத 4,000 ராண்ட் பொருளுக்கு வாட் 600 அல்ல, 660. கூரியர்காரரின் கிளியரிங் கட்டணம் தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடை விலை அவ்வளவு கொள்ளையாகத் தெரியாது.

சிம் வேண்டுமென்றால் ரிக்கா, அதாவது சட்டப்படி சிம்மைப் பெயர், முகவரியோடு பதிவது. பாஸ்போர்ட் அல்லது ஐடி, கூடவே மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று. புதிதாக வந்தவர்களுக்கு எந்த பில்லும் தங்கள் பெயரில் இருக்காது, நானும் ஆறு மாதம் ஒரு நண்பர் வீட்டு மாடியில்தான் இருந்தேன். அப்போது வீட்டுக்காரர் தன் பில்லோடு வந்து, நீங்கள் அங்கே குடியிருப்பதாக ஓர் அஃபிடவிட் போட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலேயே முத்திரை வைத்துத் தருவார்கள், காசு கிடையாது. புதன், வியாழன் பிற்பகலில் போங்கள், திங்கள் காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். சிம்மை உங்கள் சொந்தப் பெயரில் எடுக்கவே எடுக்காதீர்கள். நாளை நீங்கள் ஜோபர்க்குக்கு வேலை மாறினால் கோயில் கேட்வே உங்கள் பெயரில் தொங்கும். சங்கத்தின் பெயரில் எடுக்க லெட்டர்ஹெட்டில் ஒரு அதிகாரக் கடிதம், கையெழுத்திடுபவரின் ஐடி, என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) பதிவுச் சான்று.

கமிட்டித் தீர்மானம். மினிட்ஸில் ஏறிய நகல், தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டது. மாதம் ஒரு கூட்டம்தான் என்பதால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு. காம்ப்ளெக்ஸில் குடியிருப்பவர்களுக்கு இதே இடத்தில் பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், வரும். பொதுச் சுவரிலோ கூரையிலோ ஓர் ஆணி அடிக்கவும் டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி வேண்டும், வாய்ச்சொல் போதாது.

அப்புறம் போப்பியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலை 1 முதல் கறாராக அமலில் இருக்கிறது. தண்ணீருக்கும் தனிநபருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். கேர்டேக்கர் வீட்டுக் குழாயும் அதே லைனில்தான் வருகிறது. முதல் வாரக் கிராஃபைக் காட்டியதும் அவர் விரலை வைத்து, "நான் எத்தனை மணிக்குக் குளிக்கிறேன்னு கமிட்டிக்குத் தெரியணுமா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் வீட்டு லைனைத் தனியாகப் பிரித்து, அதை அவர் போனில் மட்டும் தெரியும்படி வைத்து, எழுத்தில் சம்மதமும் வாங்கினோம். நீங்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள், கேட்டபின் செய்வது அசிங்கமாக இருக்கிறது.

நகராட்சி மீட்டரைத் தொடாதீர்கள். அதன் மேல் காந்தமோ ஒட்டுச் சென்சாரோ வைத்தால் திருட்டு முயற்சி என்றே பார்க்கப்படும். அதைத் தாண்டி, உங்கள் எல்லைக்குள், உங்கள் சொந்த சப்-மீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவிளக்குக் கம்பம் உயரமாக இருக்கிறதே என்று கண் போகும். அது ஈதெக்வினியின், அதாவது டர்பன் மாநகராட்சியின், சொத்து, சாலையோர நிலத்தில் எதை வைக்கவும் வேலீவ் என்ற சாலையோர அனுமதி வேண்டும், ஒரு டேங்குக்காக அந்த வழியில் போகாதீர்கள்.

4. எவ்வளவு ஆனது, எப்போது ஆரம்பிப்பது

எங்கள் கணக்கு இது, உங்களுக்கு முன்னே பின்னே இருக்கும். வெளிப்புற கேட்வே 7,500 ராண்ட். டேங்க் சென்சார் இரண்டு, 4,000. பல்ஸ் வரும் சப்-மீட்டர் (7இல் சொல்கிறேன்) இரண்டு 2,800, அவற்றின் ரேடியோப் பெட்டிகள் 3,800. பிளம்பர் 2,200. எலக்ட்ரீஷியன் சான்றிதழோடு 2,500. மினி யூபிஎஸ் 700. ஆன்டெனா கேபிள், இடிதாங்கி, கிளாம்ப் எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 24,400 ராண்ட். ஹாலில் ஏற்கெனவே ஃபைபர் இருந்ததால் மாதச் செலவு இல்லை. இல்லாதவர்கள் ஒரு சின்ன டேட்டா சிம்மைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்வே தின்னும் டேட்டா ரொம்பக் குறைவு, எங்களுடையது மாதம் 500 எம்பியைத் தாண்டியதில்லை.

நவம்பரில் ஆரம்பிக்காதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை பில்டர்ஸ் ஹாலிடே, பிளம்பர், எலக்ட்ரீஷியன், கடை எல்லாம் மூடிக்கிடக்கும். புரட்டாசி, ஆடி மாசக் கூழ் ஊற்றும் வாரங்கள், காவடி இவற்றின் போது கோயிலில் குழாயை மூட விடமாட்டார்கள். எங்களுக்கு மே, ஜூன்தான் சௌகரியமாக இருந்தது, மழையும் இல்லை. அப்புறம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பு: பிளம்பர் 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போது என்று அர்த்தமில்லை, இன்றைக்கு எப்போதாவது, முடிந்தால். 'நவ் நவ்' என்றால்தான் கொஞ்சம் நம்பலாம். நான் முதல் தடவை அரை நாள் லீவு போட்டுவிட்டு கேட்டருகே நின்றேன்.

5. மாட்டுவதற்கு முன் சிக்னலை நடந்து பாருங்கள்

பெட்டியில் 10 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அது சமவெளியில். சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமும், ஒரு தெரு தள்ளினால் குன்றுக்குப் பின்னால் போய்விடுவீர்கள். கேட்வேயைத் தற்காலிகமாக ஓர் உயரமான ஜன்னலில் வைத்துவிட்டு, சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு டேங்க் இருக்கும் இடம், மீட்டர் குழி, கழிவறைப் பின்பக்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் பத்துத் தடவை அனுப்பிப் பாருங்கள். பத்தில் ஒன்பது வந்தால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம். சிக்னல் பலவீனமாக இருந்தால் கருவி தானாகவே மெதுவாகப் பேசும். எஸ்எஃப்7 என்ற வேகமான நிலையில் ஒரு சின்னத் தகவலுக்கு 0.06 வினாடி, எஸ்எஃப்12 என்ற மிக மெதுவான நிலை ஆனால் கிட்டத்தட்ட 1.5 வினாடி. ஒரே டேங்க், ஒரே தகவல், இருபது மடங்குக்கும் மேலான காற்று நேரம், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். நாங்கள் பயன்படுத்தும் இலவசப் பொது நெட்வொர்க்கில், அதாவது தி திங்ஸ் நெட்வொர்க்கில், ஒரு கருவிக்கு நாளைக்கு 30 வினாடிதான் பேச்சு. எஸ்எஃப்12இல் அது வெறும் 20 தகவல். கால் மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 96, கணக்கு உதைக்கும். அதனால் பலவீனமான இடத்தில் இருக்கும் சென்சாரின் இடைவெளியைக் கூட்டாமல், கேட்வேயை உயர்த்துங்கள்.

'பெரிய ஆன்டெனா வாங்கினால் சரியாகிவிடும்' என்பார்கள். சமவெளியில் ஆகலாம். அதிக கெயின் உள்ள நீளமான ஆன்டெனா சிக்னலைத் தட்டையாக, தோசை மாதிரி, அடிவானத்தை நோக்கித் தள்ளும். பள்ளத்தில் இருக்கும் டேங்குக்கு மேலே அது பறந்துபோகும். 25 மில்லிவாட் வரம்பும் ஆன்டெனாவோடு சேர்த்துத்தான் கணக்கு. எங்களுக்குக் குட்டி ஆன்டெனாவைக் கூரை ஓரத்தில் மூன்று மீட்டர் ஏற்றியதுதான் வேலை செய்தது.

6. டேங்க்

இங்கே பச்சை பிளாஸ்டிக் டேங்க் எதுவானாலும் ஜோஜோதான், எந்தக் கம்பெனியானாலும் சரி. எங்களுடையது 5,000 லிட்டர், குறுக்களவு 1.82 மீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 26 லிட்டர். இந்த ஓர் எண்ணை உங்கள் டேங்குக்கும் கணக்குப் போட்டு வையுங்கள், மிச்சமெல்லாம் பெருக்கல்.

மூடியிலிருந்து கீழே ஒலியடித்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் எளிது, தண்ணீரைத் தொடாது. ஆனால் முகத்துக்கு நேரே 20, 25 சென்டிமீட்டர் அதற்குக் குருடு. டேங்க் நிரம்பி வழியும்போது 'காலி' என்று சொல்லும். அதை ஒரு குட்டிக் குழாய்த் துண்டின் மேல் உயர்த்தி மாட்டுங்கள். குளிர்காலக் காலையில் மூடியின் உள்பக்கம் வியர்த்து ஒரு சொட்டு சென்சார் கண்ணிலேயே தொங்கும், அளவு தாறுமாறாகக் குதிக்கும். நாங்கள் ஐந்து அளவை எடுத்து நடுவில் வருவதை மட்டும் அனுப்பச் செய்தோம், பாதிப் பிரச்சினை போனது. மீதிப் பாதி சிலந்தி. அதற்கு மருந்து மாதம் ஒருமுறை துணியால் துடைப்பதுதான்.

7. மீட்டரும் குழியும்

சப்-மீட்டர் வாங்கும்போது மூன்று விஷயம். தண்ணீர் மீட்டர்களுக்கான தென்னாப்பிரிக்கத் தரமான எஸ்ஏஎன்எஸ் 1529இல் இருக்க வேண்டும். பல்ஸ் வெளியீடு இருக்க வேண்டும், அதாவது இத்தனை லிட்டர் போனால் ஒரு தட்டு என்று கம்பியில் சொல்வது. 1 லிட்டருக்கு ஒரு தட்டு தருவதாக இருந்தால் சின்ன ஒழுக்கும் தெரியும், 10 லிட்டர் தட்டு மலிவு. மூன்றாவது, பித்தளை உடல் வேண்டவே வேண்டாம். பழைய இரும்புக் கடைக்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போவார்கள், போகும்போது குழாயும் உடைந்து தண்ணீர் கொட்டும். பிளாஸ்டிக் உடல் மீட்டரை யாரும் சீந்துவதில்லை.

ரேடியோப் பெட்டியை மீட்டர் குழிக்குள்ளேயே வைத்து மேலே இரும்பு மூடி போட்டால் சிக்னல் செத்துவிடும், நான் அதையும் செய்து பார்த்துவிட்டேன். இரண்டு மீட்டர் கம்பி இழுத்து ரேடியோவைச் சுவரில் ஏற்றுங்கள். குழிக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் ஐபி68 வாங்குங்கள், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத அளவைச் சொல்லும் எண் அது. ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள், டர்பன் மழைக்கு அரை மணி எந்த மூலைக்கு?

இந்த மீட்டர்தான் எல்லாவற்றிலும் லாபம். ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணி வரை ஹாலில் யாரும் இல்லை, அப்போது தட்டு வந்தால் அது ஒழுக்கு. முதல் ராத்திரியே மணிக்கு 40 லிட்டர் காட்டியது. பார்க்கச் சின்ன எண். நாளைக்கு 960, மாதத்துக்கு 29 கிலோலிட்டர், அதாவது அந்த ஜோஜோ டேங்கைக் கிட்டத்தட்ட ஆறு தடவை நிரப்பலாம். கழிவறைத் தொட்டியில் குங்குமத்தைக் கரைத்துவிட்டுப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் பேசின் சிவந்தது. வாஷர் விலை 35 ராண்ட்.

8. கேட்வேக்கு மின்சாரம், இடி, குரங்கு

2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இல்லாமல் இருந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள், 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது. ரவுட்டருக்குப் போடுகிற மினி யூபிஎஸ்ஸையே கேட்வேக்கும் போடுங்கள், ஆனால் வோல்டேஜைப் பாருங்கள், கேட்வே 12 வோல்ட்டா, பிஓஇயா (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வருவது) என்று. ரவுட்டருக்கும் சேர்த்துப் போடவேண்டும், கேட்வே மட்டும் விழித்திருந்து பயனில்லை. புது பிளக் பாயின்ட் இழுத்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருப்பதற்கான சான்றிதழ், வாங்குங்கள், இல்லையென்றால் நாளை தீ விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். (ஒரு சந்தோஷம், இங்கே சுவரில் இருக்கும் பெரிய மூன்று உருண்டை முள் பாயின்ட் நம்மூர் 15 ஆம்பியர் பாயின்ட்டேதான், கிரைண்டர் பிளக் அப்படியே ஏறும்.)

கோடையில் பிற்பகல் இடி இல்லாத வாரம் குறைவு. ஆன்டெனா கேபிளில் இடிதாங்கி போட்டு அதை எர்த் பண்ணுங்கள். குரங்குக்கு மட்டும் இகாசாவில் விதி இல்லை. இரண்டாவது வாரம் ஆன்டெனா சாய்ந்து கிடந்தது, கேபிள் டை எல்லாம் கடித்துத் துப்பியிருந்தது, படையல் வாழைப்பழத் தோல் கூரை மேல் சாட்சியாகக் கிடந்தது. கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு, டைகளுக்குப் பதில் ஸ்டீல் கிளாம்ப் போட்டோம்.

9. பதிவு செய்வது

இது அரை மணி வேலை, பயப்படாதீர்கள். பொது நெட்வொர்க்கில் சங்கத்தின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, ஐரோப்பிய கிளஸ்டரை (சர்வர் தொகுதியை) தேர்ந்தெடுத்து, கேட்வேயைச் சேர்த்து, ஒவ்வொரு கருவிக்கும் பெட்டியில் ஒட்டியிருக்கும் டெவ் ஈயூஐ (கருவியின் அடையாள எண்), ஜாயின் ஈயூஐ (இணையும் சர்வரின் எண்), ஆப் கீ (ரகசியச் சாவி) மூன்றையும் தட்ட வேண்டும். டெவ் ஈயூஐ 16 எழுத்து, ஆப் கீ 32 எழுத்து. பூஜ்ஜியமும் எட்டும் பியும் அந்தக் குட்டி எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தைக் கமிட்டி வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், ஆப் கீ என்பது சாவி, பெயரிலேயே இருக்கிறது. கேட்வேயின் முதல் பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதும் அதே கதை.

கேட்வே 'இணைப்பு இல்லை' என்றே காட்டினால் பெரும்பாலும் ரவுட்டரில் யூடிபி 1700 என்ற போர்ட் வழியாக வெளியே போக வழி அடைத்திருக்கும். இலவச நெட்வொர்க் தகவலைக் கொண்டுவந்து தரும், ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்காது. முதல் நாளே அதை வேறோர் இடத்தில் எழுதும்படி இணைத்துவிடுங்கள், சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

10. எச்சரிக்கை யாருக்குப் போகும்

முதல் வாரம் எல்லாத் தகவலையும் எல்லாருக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் குழுவை எல்லாரும் மியூட் பண்ணிவிட்டார்கள். இப்போது இரண்டே எச்சரிக்கை: டேங்க் 30 சதவீதத்துக்குக் கீழே, அல்லது ராத்திரியில் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டம். இரண்டே பேருக்கு: கேர்டேக்கர் அண்ணா, அந்த மாதம் முறை வைத்திருக்கும் கமிட்டி ஆள். டெலிகிராம் பாட் இலவசம். வாட்ஸப்பில் தானியங்கிச் செய்தி அனுப்ப வணிகக் கணக்கு, கட்டணம், அங்கீகாரம் என்று இழுக்கும். 2024 அக்டோபரில் நகரத்துக்கு வரும் மொத்தத் தண்ணீரையே குறைத்ததிலிருந்து குழாய் நின்று நின்று வருகிறது, அதனால் சென்சார் மௌனமானாலும் சொல்லும்படி வைத்திருக்கிறோம், ஆறு மணி நேரம் எந்தத் தகவலும் இல்லையென்றால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

பின்னால் ஓடும் ஓடைக்கும் ஓர் அளவி வைக்கலாமே என்று 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஓடைக்கரை உங்கள் நிலமல்ல, எங்கள் கேட்வே மழையில் மின்சாரம் போனால் நாலு மணி நேரம்தான் தாங்கும். உயிர் விஷயத்துக்குத் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைப் பாருங்கள், 1 முதல் 10 வரை எண்ணோடு வரும்.

11. ஒப்படைப்பது

கோயில் அலுவலகத்தில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வையுங்கள். கணக்கு மின்னஞ்சல், கருவிகளின் எண், எது எந்தச் சுவரில், எந்த வால்வை மூடினால் எது நிற்கும், டைப் அப்ரூவல் எண், சிஓசி நகல், பில்கள். பாஸ்வேர்டு மட்டும் தனி உறையில் பொருளாளரிடம். சென்சார் பேட்டரி 3.6 வோல்ட் லித்தியம், டார்ச் லைட் பேட்டரி மாதிரி இருக்கும், ஆனால் அதில் 1.5 வோல்ட்டைப் போட்டால் ஓடாது. கேர்டேக்கர் அண்ணா ஒரு தடவை அப்படிப் போட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் சொல்லவில்லை. மாற்றுப் பேட்டரி இரண்டு நோட்டோடு ஒட்டியே இருக்கட்டும். மாற்றிய தேதியை டேங்க் மேலேயே எழுதிவிடுங்கள், மார்க்கரில் வேண்டாம், வெயிலில் மூன்றே மாதத்தில் வெளுத்துவிட்டது, எங்களுடையது இப்போது கேட்டுக்கு அடித்த மிச்ச வெள்ளைப் பெயின்ட்.